அடுப்பு கோணலா, நாம் கோணலா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. தன்னிடம் உள்ள குறையை மறைத்து, வேறொன்றின் மேல் பழியைப் போடுகிறவர்களைக் குறித்து இதைச் சொல்லுவார்கள். இந்தப் பழமொழியைச் சென்ற ஆண்டு ஒரு நாள் என் ஆச்சியின் முகத்துக்கு நேராகவே நான் சொன்னேன். சொன்ன இடம் எங்கள் வீட்டுச் சமையலறை. சொல்லக் காரணமாக இருந்தது ஓர் இண்டக்ஷன் அடுப்பு. அன்று பெரிய அறிவாளி போலச் சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்புத் தோழியரே! இன்று நம்மில் பலருடைய வீடுகளில் இந்த அடுப்பு இருக்கிறது. சிலர் இதைப் புகழ்கிறார்கள். சிலர் வாங்கிய ஒரே மாதத்தில் துணியைச் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். இது நல்லதா, கெட்டதா என்று பெரியவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்து இதுதான்: அடுப்பு நல்லது. ஆனால் அதன் குணத்தை ஒருவரும் கற்காமல், சமைப்பவருக்குக் கற்றுக்கொடுக்காமல், அதை வீட்டுக்குள் கொண்டு வந்து வைப்பது நல்லதன்று. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே விளக்குகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே சமையல் பொறுப்பு ஆச்சியுடையது. ஆச்சி புதுமையைக் கண்டு அஞ்சுகிறவர் அல்லர். சிறு வயதில் விறகடுப்பில் புகை ஊதிச் சமைத்தவர். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாறினார். அதன் பிறகு எரிவாயு அடுப்புக்கு மாறினார். மூன்று அடுப்புகளையும் தன் கைக்கு அடக்கிக்கொண்டவர் அவர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் வந்திருந்த நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அன்று பட்ட பாட்டில், அடுத்த வாரமே அப்பா ஓர் இண்டக்ஷன் அடுப்பை வாங்கி வந்தார். மேடையில் வைத்தார். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். நான்கு நிமிடத்துக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எல்லோரும் கை தட்டினோம். ஆச்சி மட்டும், “என்னட்டி இது, தீயே இல்லாத அடுப்பு!” என்று வியந்து பார்த்தார். அப்பா அலுவலகம் போய்விட்டார். கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆச்சி பாலை வைத்தார். அடுப்பின் முகப்பில் ஏழெட்டுப் பொத்தான்கள். பால், சோறு, குழம்பு, பொரியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். ஆனால் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலத்தில்! ஆச்சி தமிழில் எழுத்துக்கூட்டாமல் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. பாலுக்கு உரிய பொத்தானுக்குப் பதிலாக எண்ணெயில் பொரிப்பதற்கு உரிய பொத்தானை அழுத்திவிட்டார். இரண்டு நிமிடத்தில் பால் பொங்கி வழிந்தது, அடியும் பிடித்துவிட்டது. வீடு முழுவதும் தீய்ந்த வாடை. “இந்த அடுப்பு சரியில்ல” என்றார் ஆச்சி. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த நான், “ஆச்சி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!” என்று சிரித்தேன்.

ஆச்சி பதில் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்தார். அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். அன்றிலிருந்து அதன் பக்கமே போகவில்லை. சிலிண்டர் தீர்ந்த நாட்களில் அம்மா விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, அந்த அடுப்பில் மூன்று வேளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடினார். ஐம்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒருவர், தன் சமையலறையிலேயே விருந்தாளியைப் போல முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பால் தீய்ந்த வாடை அன்று மாலையே போய்விட்டது. என் சொல் மட்டும் போகவில்லை.

இதற்கிடையே வகுப்பில் ஒரு நாள் மின்சாரத்தின் வெப்ப விளைவைப் பற்றிப் பாடம் நடந்தது. “வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு எப்படி வேலை செய்கிறது? யாராவது சொல்லுங்கள்” என்று சிஸ்டர் கேட்டார். நான் எழுந்து மடமடவென்று சொன்னேன். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. அடுப்பின் கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை சுழல்வது. அடுப்புக்குள் இருக்கும் மின்னணுக் கருவி அதை நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும்படி செய்து அந்தச் சுருளுக்குள் அனுப்புகிறது. அதனால் மேலே வைத்த பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகின்றன. பாத்திரத்தின் மின்தடை காரணமாக அதன் அடிப்பாகமே சூடாகிறது. அடுப்பு சூடாகிப் பாத்திரத்தைச் சுடவைப்பதில்லை; பாத்திரம்தான் தானே அடுப்பாகி விடுகிறது.

சிஸ்டர் தலையசைத்துக் கேட்டார். பிறகு, “நன்றாகச் சொன்னாய். அதில் ஒரு தோசையாவது சுட்டிருக்கிறாயா?” என்றார். வகுப்பே சிரித்தது. நான் உட்கார்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நானே துணியை எடுத்துவிட்டுத் தோசை சுடத் துணிந்தேன். இரும்புத் தோசைக்கல்லை வைத்து, வேகமாகச் சுடவேண்டும் என்று அளவை உச்சத்தில் வைத்தேன். மாவை ஊற்றினேன். நடுவில் கைப்பிடி அகலத்துக்குக் கருகியது. ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவாகவே நின்றது. இரண்டாவது தோசையும் அப்படியே. மூன்றாவதைக் கல்லிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. “இந்தக் கல் சரியில்லை” என்று முணுமுணுத்தேன். முற்றத்திலிருந்து ஆச்சியின் குரல் வந்தது: “கூடம் கோணலா இருக்கோ, ஏட்டி?”

சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆச்சி எழுந்து உள்ளே வந்தார். அளவைக் குறைக்கச் சொன்னார். கல்லின் மேல் சற்று உயரத்தில் உள்ளங்கையை வைத்து, நடுவிலும் ஓரத்திலும் சூடு பார்த்தார். “நடுவுலதான் காயுது. மெதுவாக் காய விடு. சூடு ஓரத்துக்கு நடந்து போகணுமில்ல?” என்றார். ஐந்து நிமிடம் காத்திருந்து ஊற்றினோம். தோசை முழுவதும் ஒரே சீராக வெந்தது. கம்பிச்சுருளின் அகலம் சிறியது. கல்லின் அகலம் பெரியது. சுருளுக்கு நேர் மேலே உள்ள பகுதிதான் சூடாகும் என்பதைப் பாரடேயின் பெயரையே கேட்டிராத என் ஆச்சி உள்ளங்கையாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த அடுப்பின் குணங்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம். ஒரு காந்தத் துண்டைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டிக்கொண்டால் அந்தப் பாத்திரம் உதவும். இரும்பு உதவும். அலுமினியம், பித்தளை, செம்பு, மண் ஆகியவை உதவா. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களிலும் பல, காந்தம் ஒட்டாத வகையைச் சேர்ந்தவை. எங்கள் அலுமினிய இட்லிக் கொப்பரையும், மீன் குழம்புக்கென்றே இருக்கும் மண்சட்டியும் இந்த அடுப்புக்கு ஆகவில்லை. அடி தட்டையாக இருப்பதும் அவசியம். உருண்டை அடியுள்ள வாணலியை வைத்தால் அது தட்டில் சரியாகப் பொருந்தாது.

அடுத்தது தாளிப்பு. சிறிய தாளிப்புக் கரண்டியை வைத்தால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே மதிப்பதில்லை. ‘கீ, கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அடி ஏறக்குறைய 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். நாம் எண்ணெயை ஒரு பக்கம் ஒதுக்குவதற்காக வாணலியைச் சாய்ப்போம். குலுக்கித் தூக்கிப் போடுவோம். தட்டைவிட்டுத் தூக்கினால் இங்கே சூடு அறுந்துவிடும். மேலும், வெறும் பாத்திரத்தை உச்ச அளவில் வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடப் போனால், திரும்பி வருவதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். ஆகவே கடுகு, உளுந்து, கறிவேப்பிலை எல்லாவற்றையும் கையருகே எடுத்து வைத்துக்கொண்டுதான் பொத்தானைத் தொட வேண்டும்.

மூன்றாவது, இந்த அடுப்பின் பெரிய சிறப்பு. அணைத்தவுடனே சூடும் நின்றுவிடுகிறது. ரசம் நுரை கட்டும்போது நிறுத்த வேண்டும் அல்லவா? ஒரு விரல் பட்டால் போதும், கொதி அடங்கிவிடும். பால் பொங்கி வரும்போதும் அப்படியே. வழிந்தாலும் தட்டில் அவ்வளவாகத் தீய்ந்து ஒட்டுவதில்லை. ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. தட்டு தானாகச் சூடாகாவிட்டாலும், பாத்திரத்தின் சூடு அதில் ஏறியிருக்கும். பாத்திரத்தை எடுத்த உடனே கை வைத்தால் சுட்டுவிடும். தம்பி தங்கையரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். தீ கண்ணுக்குத் தெரியாததால் அவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

நான்காவது, சிறு தீ. இதைக் கண்டுபிடித்தது முழுக்க முழுக்க ஆச்சிதான். குறைந்த அளவில் வைத்திருந்தபோது அடுப்பின் அருகே காதை வைத்துக் கேட்டார். “இது தொடர்ந்து எரியல ஏட்டி. மூச்சு விட்டு மூச்சு விட்டு எரியுது” என்றார். நானும் கேட்டேன். உண்மைதான்! ‘ரும்’ என்று ஓர் இரைச்சல் சில நொடிகள் கேட்கிறது, பிறகு அடங்குகிறது, மறுபடியும் கேட்கிறது. விலை குறைந்த சிறு அடுப்புகள் பலவும் குறைந்த அளவில் இப்படித்தான், விட்டு விட்டுச் சூடு கொடுக்கின்றன. எரிவாயுவில் தீயைச் சிறிதாக்குவதைப் போன்றதல்ல இது. அதனால்தான் பாயசமும் பருப்பும் மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் அடி பிடிக்கின்றன. அடி கனமான பாத்திரமாக இருந்தால் அது சூட்டைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, இடைவெளியைச் சரிக்கட்டிவிடும். ஆச்சியின் காது சொன்ன இந்த உண்மையை என் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு என்று ஆச்சி பழகிய மூன்று அடுப்புகளிலும் தீ இருந்தது. தீயின் உயரத்தையும் நிறத்தையும் கண்ணால் பார்த்தே ஆச்சி சமைத்தார். அந்தத் தீயை நாம் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஓர் எண்ணையும், புரியாத மொழியில் ஒரு சொல்லையும் வைத்தோம். பிறகு அவருக்கு ஆடத் தெரியவில்லை என்று சொன்னோம். கூடத்தை மாற்றியது நாமல்லவா? விளக்கையும் அணைத்துவிட்டு ஆடச் சொன்னது நாமல்லவா?

இனி, செலவும் பாதுகாப்பும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 294 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இந்த அடுப்பு தான் பெறும் மின்சாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தைப் பாத்திரத்துக்கே கொடுக்கிறது. அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். எரிவாயு அடுப்பில் வெப்பத்தின் ஒரு பெரும் பகுதி பாத்திரத்தின் ஓரமாக வெளியே போய்ச் சமையலறையைத்தான் சூடாக்குகிறது. சித்திரை மாதத்தில் சமைப்பவர்களைக் கேட்டால் தெரியும். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் உரிய சிறிய பிளக்கில் இதைச் செருகக்கூடாது. பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் சிறிய பிளக்கில் ஒரு இணைப்பான் மாட்டி உபயோகித்தோம். இரண்டு வாரத்தில் அது கறுத்து உருகத் தொடங்கியது. நல்ல வேளையாக ஆச்சியின் மூக்குதான் அதையும் முதலில் கண்டுபிடித்தது! அடுப்பின் அடியில் விசிறி இருப்பதால், கீழே செய்தித்தாளோ துணியோ விரிக்கக்கூடாது. சமைத்து முடித்ததும் விசிறி நிற்கும்வரை சுவிட்சை அணைக்கக்கூடாது. கனமான பாத்திரத்தைத் தட்டின் மேல் ‘தொம்’ என்று போட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

“இதில் சமைத்தால் கதிர்வீச்சு சோற்றில் இறங்கும்” என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சூடாவது பாத்திரம், பாத்திரத்தின் சூட்டில் வேகிறது சோறு. எக்ஸ் கதிர் போன்றது அல்ல இது. அடுப்பைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் சிறிது தூரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டு, விலகி நிற்க வேண்டிய தூரத்தை அறிந்து நடப்பது நல்லது.

அப்படியானால் எரிவாயு அடுப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. மின்சாரம் நின்றால் இந்த அடுப்பும் நின்றுவிடும். அப்பளம் சுடவும், கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கவும், மண்சட்டியில் மீன் குழம்பு வைக்கவும் தீ வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பால், காப்பி, சோறு, ரசம் ஆகியவை புது அடுப்பில். இட்லியும் குழம்பும் எரிவாயுவில். சிலிண்டர் முன்னைக் காட்டிலும் கூடுதல் நாட்கள் வருகிறது.

2023ஆம் ஆண்டில் நடுவணரசைச் சேர்ந்த ஆற்றல் சிக்கன நிறுவனம் ஒன்று, நாடு முழுவதும் 20 இலட்சம் இண்டக்ஷன் அடுப்புகளைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 20 இலட்சம் அடுப்புகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்களில் எத்தனை ஆச்சிமார் இருப்பார்கள்! ஆகவே மூன்று கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று, அடுப்பு செய்கிறவர்கள் பொத்தான்களின் மேல் அந்தந்த மாநில மொழியில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் அடுப்பில் ‘பால்’ என்று இரண்டு எழுத்து எழுத எவ்வளவு செலவாகும்? இரண்டு, அடுப்பை வாங்கித் தரும் அப்பாமார் முதல் ஒரு வாரம் தாங்களே அதில் சமைத்துப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தும் வேலை அண்ணன் தம்பிமாருக்கும் வரும்; அதற்குப் பெண்ணாய்ப் பிறந்திருக்க வேண்டியதில்லை. மூன்று, நம் பள்ளிக் கண்காட்சியில் ஆண்டுதோறும் மின்தூண்டலை விளக்கி மாதிரிகள் வைக்கிறோம். அடுத்த ஆண்டு ஓர் உண்மையான அடுப்பை வைத்து, நம் வீட்டுப் பாட்டிமாரை அழைத்து, அவர்களைக் கொண்டே சமைக்கச் செய்தால் என்ன? நாம் கற்றுக்கொடுப்பதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்வோம் என்பதில் ஐயமில்லை.

எங்கள் வீட்டு அடுப்பில் இப்போது ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே ஒரு சிறு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. பால், சோறு, குழம்பு, பொரியல், நிறுத்து. என் கையெழுத்துத்தான். ஆவியில் மை கலைந்தால் ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுதி ஒட்டுகிறேன். அம்மா இப்போது ஆறு மணிக்கு எழுகிறார். தாளை ஒட்டிய அன்று, “ஆச்சி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது” என்றேன். “எப்பச் சொன்ன? எனக்கு ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டு, பால் டம்ளரை என் கையில் கொடுத்தார். ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தோசை சுட்ட அன்றே அது தெரிந்துவிட்டதே!

தோழியரே, ஆடத் தெரியாதவளைப் பழிப்பதற்கு முன், கூடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒருவேளை அதைக் கோணலாக்கியவர் நாமாகவே இருக்கக்கூடும்.

பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு